வாப்பா சொல்லாத சொற்கள்

ஆதம்பாவாவின் வாப்பா மீராலெப்பை மௌத்தாகி மண்ணுக்குள் போய் முப்பத்தொரு வருசம் ஆகிறது. காட்டில் விறகு வெட்டி மாட்டுவண்டியில் ஏற்றிக் கிண்ணியா முழுக்க விற்றவர். பள்ளிக்கூடம் போகாதவர், அதிகம் கதைக்காதவர், பிறப்புச் சான்றிதழில்கூடப் பேர் பிழையாக விழுந்தவர். அப்படிப்பட்ட மனிதரின் பேர் ஒரு சனிக்கிழமை காலை பல்கலைக்கழகக் கடுதாசி ஒன்றில், மரம் மாதிரிக் கீறியிருந்த ஒரு படத்தின் நடுக்கிளையில், அச்சில் வந்து நின்றது. மரத்தின் வேரில் போர்த்துக்கீசக் கப்பல்காரர். அதற்கு மேலே துறைமுகக் கூலியாட்கள். அதற்கு மேலே, ‘மீராலெப்பை, பாதைக்காரர்’. நுனியில், ‘ஆதம்பாவா, மூன்றாம் தலைமுறைப் பாதைக்காரர்’.

கொண்டுவந்து கொடுத்தவள் சுலோஜனா. உவர்மலையில் வீடு, முப்பத்தாறு வயது, பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர், கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். எட்டு மாதமாகச் சனிக்கிழமை தவறாமல் ஸ்கூட்டியில் பாலம் கடந்து வந்து, ஆதம்பாவாவின் வீட்டு விறாந்தையில் ஒரு கதிரையில் தானும், இன்னொரு கதிரையில் சின்ன ரெக்கோடருமாக உட்கார்ந்துவிடுவாள். அது என்ன ஆராய்ச்சி என்று முதல் நாளே ஆதம்பாவாவின் மனைவி பஸ்மியா கேட்டிருந்தாள்.

“ஒரு பாஷையிலுள்ள சொல்லெல்லாம் எங்கயிருந்து வந்தது, எப்பிடி எப்பிடி மாறினது எண்டு தேடுறது, அன்ரி.”

“எங்கயுமிருந்து வரல்ல மகள். இஞ்சதான் கிடந்திச்சு” என்றாள் பஸ்மியா.

சுலோஜனா சிரித்தாள். ஆனால் அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டாள். எதைச் சொன்னாலும் எழுதுகிற ஆள் அவள். தும்மினால்கூட எழுதிவிடுவாளோ என்று ஆதம்பாவாவுக்குப் பயமாக இருந்தது.

ஆதம்பாவாவுக்கு இப்போது அறுபத்தாறு. பாலத்தடியில் ஒரு பெட்டிக்கடை வைத்திருக்கிறார். அதற்கு முன்னே, பாலம் வராத காலத்தில், இருபத்திரண்டு வருசம் பாதை இழுத்தவர். ஆற்றைக் கடக்க ஆளையும் வண்டியையும் ஏற்றிப்போகிற பெரிய பலகை மிதவைக்கு இந்தப் பக்கத்தில் பாதை என்றுதான் பேர். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கட்டிய கயிற்றைப் பிடித்து இழுத்து இழுத்துப் பாதையை நகர்த்த வேண்டும். அதற்கு இரண்டு பேர். முனைக்குத் தலை என்று பேர்; ஒரு தலையில் ஆதம்பாவா, மற்றத் தலையில் கிளிவெட்டி ஊர்த் தம்பிராசா. நடுவில் லொறி நிற்கும், நெல்மூட்டை நிற்கும், மாடு நிற்கும், கலியாண வீட்டுக்குப் போகிற சனம் நிற்கும். இழுக்கிற இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஆள் முகம் தெரியாது. குரல் மட்டும்தான்.

பாரம் ஒரு பக்கம் சாய்ந்தால் பாதை சரியும். அப்போது ஒரு தலையிலிருந்து “லெம்பாரி!” என்று சத்தம் வரும். பாரத்தை நடுவுக்குத் தள்ளு என்று அர்த்தம். சத்தம் கேட்டவுடன் மூட்டை நகரும், ஆட்கள் நகர்வார்கள், மாட்டைப் பிடித்தவன் மாட்டை இழுப்பான். இந்தச் சொல்லைத்தான் சுலோஜனா பிடித்துக்கொண்டாள். வேறு எந்தத் துறையிலும், எந்த ஊரிலும், எந்த அகராதியிலும் இது இல்லையாம். நானூறு வருசத்துக்கு முந்திக் கப்பலோடு துறைமுகத்துக்கு வந்து, கூலியாட்களின் வாயில் ஏறி, ஆற்று வழியே பாதைக்கு வந்து சேர்ந்த சொல்லாம்.

“இத நீங்கள் ஆரிட்ட இருந்து கேட்டனீங்கள், ஐயா?” என்று அவள் கேட்டாள்.

“வாப்பாட்ட இருந்துதான்.”

“அவர்?”

“அவர்ர வாப்பாட்ட இருந்து.”

அவளுடைய கண் இரண்டும் பளபளத்தன. அந்தச் சந்தோசத்தைப் பார்க்க ஆதம்பாவாவுக்கும் சந்தோசமாக இருந்தது. அன்றிலிருந்து கயிற்றுக்கு, முடிச்சுக்கு, சுழிக்கு, ஆற்று நிறத்துக்கு என்று நூற்றுப் பத்துச் சொல்லுக்கு மேல் கேட்டுவிட்டாள். ஒவ்வொன்றுக்கும் அவர் “வாப்பா இப்பிடித்தான் சொல்லுவார்” என்றே சொன்னார். வாய் கூசவில்லை. தயங்கவுமில்லை.

அந்தச் சனிக்கிழமை அவள் போன பிறகு பஸ்மியா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மரப் படத்தை வாசித்தாள். ஒரு தரம் வாசித்தாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் வாசித்தாள்.

“இஞ்ச. இதில உங்கட வாப்பாவப் பாதைக்காரர் எண்டு போட்டிரிக்கு.”

“போடட்டுமே.”

“என்ன போடட்டும்? மாமா தண்ணியக் கண்டாலே பயத்தில கலிமா சொல்ற ஆள். பாதையில ஏறினா வண்டிக்குள்ள படுத்துக் கண்ண மூடிக்கொள்வார். எங்கட கலியாணத்துக்கே ஆத்தக் கடக்க ஏலாது எண்டு ரெண்டு நாள் முந்தி வெளிக்கிட்டு காட்டால சுத்தி வந்தவர். அவர் பாதை இழுத்தவரா?”

ஆதம்பாவா வாய்விட்டுச் சிரித்தார். வாப்பா வண்டிக்குள் குப்புறக் கிடந்ததும், கரை வந்த பிறகும் நம்பாமல் “வந்திட்டா, வந்திட்டா” என்று கேட்டதும் அப்படியே கண்ணில் வந்தது. சிரித்துக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். அப்படியென்றால் எட்டு மாதமாக ‘வாப்பா சொல்லுவார், வாப்பா சொல்லுவார்’ என்று சொன்னது யாரை?

பொய் சொல்ல வேண்டும் என்று அவர் நினைத்ததே இல்லை. பொய் சொன்னால் அவருக்குக் காது சிவந்துவிடும், பஸ்மியா உடனே பிடித்துவிடுவாள். இந்த எட்டு மாதத்தில் ஒரு நாளும் காது சிவக்கவில்லை.

கடையில் இருந்து யோசித்து யோசித்து, பின்னேரம்தான் அவருக்கு ஒரு பக்கம் விளங்கியது. அது பாதையின் பழக்கம். பாதையில் ஏறுகிற சனம் இலேசில் சொல்வழி கேட்காது. ‘மூட்டைய நடுவுக்கு வையுங்க’ என்று சொன்னால், ‘நீ ஆர் சொல்ல?’ என்று ஒருவன் நெஞ்சை நிமிர்த்துவான். முதலாளிக்கு ஒரு நியாயம், வண்டிக்காரனுக்கு ஒரு நியாயம் இருக்கும். அந்தச் சண்டை முடிவதற்குள் பாதை கவிழ்ந்துவிடும். ஆனால் ‘வாப்பா காலத்திலயிருந்து இப்பிடித்தான்’ என்று சொல்லிவிட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். செத்துப்போன மனிதரோடு யார் சண்டை பிடிப்பது? ஆதம்பாவா ‘வாப்பா காலம்’ என்பார், தம்பிராசா ‘அப்பு காலம்’ என்பார். நேற்றுக் கண்டுபிடித்த முடிச்சும் வாப்பா காலத்து முடிச்சுத்தான். இருபத்திரண்டு வருசம் அப்படியே சொல்லி நாக்குப் பழகிவிட்டது. எங்கிருந்து வந்தது என்று சுலோஜனா கேட்டபோது, கேட்டது படித்த பிள்ளை என்பதை மறந்து, நாக்கு பாதையில் நின்றே பதில் சொல்லிவிட்டது.

சரி, அது விளங்கியது. மற்றது விளங்கவில்லை. வாப்பா சொல்லாவிட்டால் லெம்பாரியை முதலில் சொன்னது யார்? தானா? தம்பிராசாவா? இருவருக்கும் முந்திப் பாதை இழுத்தவர்களா? கண்ணை மூடி வாப்பாவின் குரலை நினைத்துப் பார்த்தார். வரவில்லை. எட்டு மாதமாக வாப்பாவின் வாயில் வைத்த நூற்றுப் பத்துச் சொல்லும் வந்து முன்னால் நின்றுகொண்டு, அசல் வாப்பாவை மறைத்துக்கொண்டன. அதுதான் அவரை அதிகம் பயப்படுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை சுலோஜனாவுக்குப் போன் எடுத்தார்.

“மகள், அந்த வாப்பா விசயம் ஒண்டு...”

“ஐயா, நானே எடுக்க இருந்தனான். வியாழக்கிழமை பேராசிரியர் இராசதுரை சேர் வாறார். என்ர ஆராய்ச்சியைப் பாத்து முடிவு சொல்லப்போறவர் அவர்தான். லெம்பாரியை உங்கட வாயால கேக்கவேணுமாம். அந்தச் சொல் தலைமுறை தலைமுறையா வந்தது எண்டு நீங்கள் சொன்னாப் போதும்.”

“அது இல்லாட்டி?”

“எது இல்லாட்டி?”

“அந்தச் சொல் இல்லாட்டி, மகள்.”

“என்ர முழு ஆராய்ச்சியும் அந்தச் சொல்லிலதான் நிக்குது, ஐயா. மூண்டு வருச வேலை. ஏன் கேக்கிறீங்கள்?” என்றாள்.

“சும்மாதான்” என்று சொல்லிப் போனை வைத்தார். காதைத் தொட்டுப் பார்த்தார். சுட்டது.

வியாழனுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. உண்மை தெரிந்தால் சொல்லிவிடலாம். உண்மையே தெரியாதவன் எதைச் சொல்வது? தம்பிராசா இருந்தால் ஒரு சொல்லில் முடித்துவிடுவார். அவர் நெஞ்சுவலி வந்து செத்துப்போய் மூன்று வருசம். ஆனாலும் அவருடைய மனைவி இராசமலர் இருக்கிறாள். திங்கட்கிழமை கடையைப் பூட்டிவிட்டு மூதூர்ப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினார். முன்னே பாதை பாதையாக ஏறி இறங்கிப் போன தூரத்தை பஸ் பாலம் பாலமாகத் தாண்டிப் போனது. கிளிவெட்டி ரோட்டில் ஒரு பக்கம் முழுக்க நெல் காயப் போட்டிருந்தார்கள்.

இராசமலர் அவரைக் கண்டதும் படலையடிக்கே ஓடிவந்தாள். “காக்கா! வராத ஆள் வந்திருக்கிறீங்கள். ஆருக்கும் ஏதாவதோ?”

“ஒருத்தருக்கும் ஒண்டுமில்ல, தங்கச்சி. ஒரு விசயம் கேக்க வந்தனான்.”

குசினிக்குள் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். மரப் படம், நானூறு வருசம், போர்த்துக்கீசர், வியாழக்கிழமை, எல்லாம். அவளுக்குப் போர்த்துக்கீசர் விளங்கவில்லை. லெம்பாரி விளங்கியது.

“அதுவோ? அது உங்கட சொல் எல்லோ, காக்கா.”

“என்டயா?”

“ஓம். எங்கட இவர் அப்பிடித்தான் சொல்லுவார். நெல்லு மூட்டை அடுக்கேக்கயும் லெம்பாரி எண்டுதான் கத்துவார். அது என்ன பாஷை எண்டு நான் கேட்டனான். ‘ஆதம்பாவாட வாப்பாட சொல், அவயளுக்குக் கப்பல்காரரோட பழக்கம்’ எண்டார்.”

“எங்கட வாப்பாக்கா? கப்பலா? அந்தாள் கடற்கரைக்கே போறல்ல!”

“எனக்கென்ன தெரியும்? அவர் சொன்னதைச் சொல்றன்.”

ஆதம்பாவா தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்க மறந்து இருந்தார். தம்பிராசாவிடம் கேட்டதாக இருக்கும் என்றுதானே நான் நினைத்து வந்தேன். அவர் என்னிடம் கேட்டதாகச் சொல்லியிருக்கிறார். நான் சனத்துக்கு வாப்பா என்று சொன்னதைப் பாதையின் மற்றத் தலையிலிருந்து தம்பிராசாவும் கேட்டு நம்பியிருப்பாரோ? இல்லை, அவர் சொன்னதை நான் கேட்டு, வாப்பா என்று பேர் வைத்துவிட்டேனோ? இல்லை, உண்மையிலேயே வாப்பா வண்டிக்குள் கிடந்து பயத்தில் எதையாவது கத்தி, அதை இரண்டு பேரும் பிடித்துக்கொண்டோமோ? அதுவும் நடந்திருக்கக்கூடியதுதான். எல்லாமே நடந்திருக்கக்கூடியதாக இருந்தது. அதுதான் கரைச்சல்.

“நீங்கள் ரெண்டு பேரும் ஒரு நாளும் ஒழுங்காக் கதைச்சதில்லை, காக்கா” என்றாள் இராசமலர். “வீட்ட வந்தாலும் இவர் கத்தித்தான் கதைப்பார். ‘மெல்லக் கதையுங்கோ, நான் என்ன ஆத்துக்கு அங்கால நிக்கிறனோ’ எண்டு ஏசுவன்.” சொல்லிவிட்டுச் சேலைத்தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

வரும்போது இருந்ததைவிட இரண்டு மடங்கு குழப்பத்தோடு ஆதம்பாவா பஸ் ஏறினார். செவ்வாயும் புதனும் அவர் யாரோடும் சரியாகக் கதைக்கவில்லை. கடைக்கு வந்தவர் வெற்றிலை கேட்டால் சவர்க்காரம் எடுத்துக் கொடுத்தார். பஸ்மியா மட்டும் ஒரு தரம் சொன்னாள்: “தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லுங்க. தெரியாது எண்டதும் ஒரு பதில்தான்.”

“அந்தப் புள்ளட மூண்டு வருசம், பஸ்மியா.”

“மாமாவயும் யோசியுங்க. அவர்ர வாயில இல்லாதத வெச்சு அச்சடிச்சா அவர் எங்க போய்ச் சொல்றது?”

வியாழக்கிழமை பத்தரைக்குப் பாலத்தடிக்குக் கார் வந்தது. பேராசிரியர் இராசதுரை மெலிந்த மனிதர், குடையும் கையுமாக இறங்கினார். சுலோஜனா நல்ல சேலை உடுத்திருந்தாள். பழைய துறையில் இப்போது இரண்டு இரும்புக் கட்டைதான் மிச்சம். கயிறு கட்டிய கட்டைகள். அதன் பக்கத்தில் நின்று ஒரு தரம் கத்திக் காட்டச் சொன்னார்கள். ஆதம்பாவா வேட்டியை மடித்துக் கட்டினார். ஆற்றைப் பார்த்து, “லெம்பாரி!” என்று கத்தினார். பாலத்தில் போன ஒரு மோட்டார் சைக்கிள்காரன் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான்.

“அருமை” என்றார் பேராசிரியர். “இது உங்கட தகப்பனாரிட்ட இருந்து வந்தது, என்ன?”

சுலோஜனா ரெக்கோடரை ஆதம்பாவாவின் முகத்துக்குக் கிட்டப் பிடித்தாள். ஓம் என்று ஒரே ஒரு சொல் சொன்னால் எல்லாம் முடிந்துவிடும்.

“இல்ல, சேர்” என்றார். “வாப்பா பாதை இழுத்தவரில்ல. விறகு வித்தவர். அவருக்குத் தண்ணிக்குப் பயம்.”

“ஐயா!” என்றாள் சுலோஜனா.

“வாப்பா காலத்துப் பழக்கம் எண்டு சொன்னாத்தான் சனம் பாதையில சொல்வழி கேக்கும், மகள். இருபத்திரண்டு வருசம் சொல்லிச் சொல்லி அதே வாயில வந்திட்டு. ஏமாத்த நினைக்கல்ல. அல்லா மேல ஆணையா நினைக்கல்ல.”

“எட்டு மாசம்” என்றாள் அவள். “ஒவ்வொரு சொல்லுக்கும் கேட்டனான். ஒவ்வொண்டுக்கும். ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே, ஐயா.”

பேராசிரியர் குடையை நிலத்தில் ஊன்றிக்கொண்டு, “அப்ப இந்தச் சொல் ஆர் சொன்ன சொல்?” என்று பொறுமையாகக் கேட்டார்.

“தெரியாது, சேர். தம்பிராசாட எண்டு நான் நினைச்சன். என்ட எண்டு அவர் நினைச்சிரிக்கார். அவர் இப்ப இல்ல. வேற கேக்கவும் ஆளில்ல.”

“எத்தினை வருசப் பழசு எண்டாவது...”

“தெரியாது.”

பேராசிரியர் சுலோஜனாவை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போய் ஏதோ சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் ‘லெம்பாரி அத்தியாயத்தை எடுக்கவேணும்’ என்பதும் ‘இன்னும் ஒரு வருசம்’ என்பதும் ஆதம்பாவாவின் காதில் விழுந்தன. கார் போய்விட்டது. சுலோஜனா போகவில்லை. இரும்புக் கட்டையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அழுதாளோ என்று பார்க்க ஆதம்பாவாவுக்குத் தைரியம் வரவில்லை. கடைக்குள் போய் ஒரு சோடாவை உடைத்துக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

அவள் சோடாவைத் தொடவில்லை. பையைத் திறந்து கொப்பியை எடுத்தாள். எட்டு மாதக் கொப்பி. முதல் பக்கத்தைத் திருப்பி, ஒரு சொல்லை விரலால் தொட்டாள்.

“இது?”

“தெரியாது, மகள்.”

“இது?”

“அதுவும்.”

“சரி, ஐயா, வேற மாதிரிக் கேக்கிறன்” என்றாள். கோபம் இன்னும் குரலில் இருந்தது. “ஆர் சொன்னது எண்டு வேண்டாம். இந்தச் சொல்லை நினைச்சா உங்களுக்கு ஆருடைய குரல் கேக்குது? வாப்பாட குரலோ?”

ஆதம்பாவா கண்ணை மூடினார். அந்தச் சொல்லை நினைத்தார். லொறிக்கு அங்காலிருந்து, மூட்டைக்கும் மாட்டுக்கும் சனத்துக்கும் அங்காலிருந்து, முகம் தெரியாமல் ஒரு குரல் வந்தது. அடுத்த சொல்லை நினைத்தார். அதே குரல்தான். கயிற்றுக்கும், முடிச்சுக்கும், சுழிக்கும் அதே குரல் வந்தது.

“இல்ல” என்றார். “வாப்பா இல்ல. எல்லாம் தம்பிராசா. எல்லாமே அவர்ர குரல்லதான் கேக்குது. நான் வாப்பா, வாப்பா எண்டு சொன்ன நேரமெல்லாம் எனக்குள்ள கேட்டது தம்பிராசாதான், மகள். எனக்கு இப்பத்தான் தெரியுது.”

இரும்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதார். தம்பிராசா போய் மூன்று வருசம். செத்த வீட்டில்கூட அவர் இப்படி அழவில்லை.

சுலோஜனா சோடாவை அவர் கையில் கொடுத்தாள். பிறகு பேனையை எடுத்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நேரே ‘தந்தை’ என்று எழுதியிருந்ததை ஒவ்வொன்றாக வெட்டி, ‘தம்பிராசா’ என்று எழுதத் தொடங்கினாள். நாலைந்து பக்கம் போனதும் நிறுத்தினாள்.

“இதில உறவு எண்டு ஒரு நிரல் இருக்கு, ஐயா. தகப்பன், தாய், மாமன், அயல். தம்பிராசா ஐயா உங்களுக்கு என்ன முறை?”

ஆதம்பாவா யோசித்தார். சொந்தக்காரர் இல்லை. அயலும் இல்லை, கிளிவெட்டி எங்கே, கிண்ணியா எங்கே. கூட்டாளி என்று சொல்லலாம். ஆனால் உட்கார்ந்து முகம் பார்த்துக் கதைத்த நாளை எண்ணினால் பத்துக்கூட வராது.

“முறை ஒண்டும் தெரியல்ல, மகள்” என்றார். “பாதையில மற்றத் தலையில நிண்டவர் எண்டு போடுங்க.”

அவள் அப்படியே எழுதினாள்.